தண்ணீர் போன பிறகும் ஓட வேண்டிய எஞ்சின்

போன ஆகஸ்டில் எங்கள் கவுண்ட்டி கண்காட்சி டெர்பியில் என் கார் நாலு நிமிடம்தான் ஓடியது. ஒஹையோவில் இருந்துகொண்டு கோடையில் இந்த டெமாலிஷன் டெர்பி பக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பது கஷ்டம். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தண்ணீர் ஊற்றிச் சேறாக்கிய களத்தில் பழைய கார்களை ஒன்றோடொன்று மோதவிடுவார்கள், கடைசிவரை அசைகிற கார் ஜெயிக்கும். ஓட்டுநர் கதவில் மோதக் கூடாது, சொன்ன நேரத்துக்குள் யாரையாவது மோதாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், போதும் என்றால் ஜன்னலோரம் கட்டியிருக்கிற குச்சியை நாமே உடைத்துவிட வேண்டும்.

என் கார் 1984 செவர்லே கேப்ரிஸ், அதோடு வந்த 305 எஞ்சின் (இந்த எண்கள் எஞ்சின் கொள்ளளவு, கன அங்குலத்தில்). போன வருடம் முழுக்க ரேடியேட்டரைப் பற்றியே கவலைப்பட்டேன். ஆனால் ரேடியேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பக்கம் ஒரு அடி விழுந்ததும் எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்து எஞ்சின் எகிறி, பின்னால் இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் ப்ளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துத் தருவது) கேப், ஓட்டுநருக்கு முன்னால் இருக்கிற ஃபயர்வால் தகட்டில் இடித்து உடைந்தது. கரண்ட் இல்லை, எஞ்சின் இல்லை. சொட்டுத் தண்ணீர் சிந்தாத ரேடியேட்டரோடு காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். இருபது வருடமாக டெர்பி ஓட்டுகிற பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவர் அன்று சொன்னது: பவரைத் தேடாதே, தண்ணீர் எல்லாம் போன பிறகும் பத்து நிமிடம் சாகாமல் ஓடுகிற எஞ்சினைக் கட்டு.

இந்த வருடம் அதற்காகவே ஒரு 350 வாங்கினேன். 1978 பிக்கப்பிலிருந்து கழற்றியது, பிளாக் நம்பர் 3970010. ஸ்மால் பிளாக் என்கிற இந்த செவர்லே V8 எஞ்சின் வகையைக் கட்டுகிற ஆட்களுக்கு இந்த நம்பர் மனப்பாடம். இன்னொருவர் 400 எஞ்சின் ஒன்றைப் பாதி விலைக்குத் தந்தார், வேண்டாம் என்றேன். 400-இல் சிலிண்டர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவே தண்ணீர் போக இடம் கிடையாது. சூட்டையே தாங்க வேண்டிய வேலைக்கு அது ஏன்? என் 350-இல் வந்த ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடுகிற, வால்வுகள் இருக்கிற பாகம்) 882 நம்பர், மெல்லிய வார்ப்பு, விரிசல் விடுவதற்குப் பேர்போனது. சோதித்துப் பார்த்ததில் எதிர்பார்த்தபடியே இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவில் கோடு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதைவிடப் பழைய, கனமான ஒரு ஜோடி தேடி வாங்கினேன். மூன்று வாரம் அதிலேயே போனது.

இனி இடைவெளி. ரோட்டு எஞ்சின் கட்டிப் பழகியவர்களுக்கு இங்கேதான் கை நடுங்கும். எல்லாவற்றையும் வேண்டுமென்றே லூஸாக வைக்க வேண்டும். தண்ணீர் போனால் அலுமினிய பிஸ்டன் அதைச் சுற்றியுள்ள இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிஸ்டனைச் சுற்றியிருக்கிற, ஓரிடத்தில் வெட்டுவிட்ட ரிங்கின் இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும், முட்டிய ரிங் சுவரைப் பிறாண்டும், கடைசியில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். நாலு அங்குல போருக்கு (சிலிண்டர் துளைக்கு) ரோட்டில் 16 தௌ ரிங் இடைவெளி போதும் (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம் லேத்துப் பட்டறைகளில் சொல்வதுதான்). நான் 24 வைத்தேன். ஒவ்வொரு ரிங்கையும் போருக்குள் இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் விட்டு, அரத்தால் தேய்த்து, மறுபடி இறக்கி... பதினாறு ரிங்குக்கு இரண்டு ராத்திரி. பிஸ்டனுக்கும் சுவருக்கும் 4 தௌ, க்ராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்குக்கு 3 தௌ. குளிரில் ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டன் தகரடப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுவது போல் சத்தம் போடும். போடட்டும்.

ஆயில் பம்பில் பெரியவருக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். எல்லோரும் ஹை வால்யூம் பம்ப் போடுகிறார்களே என்றேன். இருப்பதே ஐந்து குவார்ட் ஆயில், அந்த பம்ப் அத்தனையையும் மேலே ஏற்றிவிட்டால் கீழே எதை உறிஞ்சும் என்று கேட்டார். சரி என்று சாதா பம்பையே போட்டு, ஒரு குவார்ட் மட்டும் கூடுதலாக ஊற்றினேன். ஆயிலை உறிஞ்சுகிற பிக்கப் குழாய் அடியில் கழன்று விழாமல் இருக்கப் பம்போடு வெல்டு வைத்தேன். இதில் ஒன்று கவனம்: உள்ளே இருக்கிற பிரஷர் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டு வைக்க வேண்டும், சூடு பட்டால் அது தளர்ந்துபோகும். பிறகு அளவு சரியாக இருந்தும் பிரஷர் ஏன் ஏறவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய டைமிங் கியரில் நைலான் பல் இருந்தது, அதை எடுத்துவிட்டு ஸ்டீல் டபுள் ரோலர் செயின்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பல்சக்கரம் கழற்றிய பழைய டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி, அதன் தண்டை ட்ரில்லால் சுற்றி, வால்வுகளை அழுத்துகிற பதினாறு ராக்கரிலும் ஆயில் வழிகிற வரை பம்பை ஓட்டினேன். வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டு புதுசு என்பதால் ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் விடக் கூடாது. கேமுக்கு ஆயில் கிடைப்பது பெரும்பாலும் க்ராங்க் சுழன்று தெளிப்பதால்தான். இருபது நிமிடம் 2000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இறங்காமல் பிடிக்க வேண்டும், துத்தநாகம் சேர்ந்த ஆயில் வேண்டும். எல்லாம் முறைப்படி செய்தேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை) 1-8-4-3-6-5-7-2 என்று பெயிண்டால் ஃபெண்டரில் எழுதி வைத்திருந்தது வீண்போகவில்லை.

மறுநாள் காலையில் ஆயில் குச்சியை உருவினால் பால் காப்பி.

ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற கேஸ்கட் போய்விட்டது என்றே நினைத்தேன், வயிறு கலங்கியது. கம்ப்ரஷன் பார்த்தால் எட்டும் ஒரே மாதிரி இருக்கிறது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. ஸ்மால் பிளாக்கில் ஹெட் போல்ட்டுகள் தண்ணீர் ஓடுகிற அறைக்குள்ளேயே இறங்கும், மரையில் சீலர் தடவாவிட்டால் தண்ணீர் மரை வழியே ஏறி வால்வு கவருக்குள் வந்து ஆயிலோடு கலந்துவிடும். ஒரு பக்க ஹெட்டுக்குத் தடவியிருக்கிறேன். நடுவில் போன் வந்தது, பேசிவிட்டு வந்து மறுபக்கத்தை அப்படியே முறுக்கிவிட்டேன். டார்க் ரெஞ்சில் 65 பவுண்டு-அடி மூன்று சுற்றாக ஏற்றி, சரியாக முறுக்கிய பெருமை வேறு. தண்ணீரை வடித்து, அந்தப் பக்கத்துப் பதினேழு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து சீலர் தடவி ஏற்றினேன். இப்படிச் செய்தால் கேஸ்கட் பிடிப்பு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள், எனக்குப் பிடித்துக்கொண்டது. ஆயிலை மூன்று முறை மாற்றிய பிறகுதான் நிறம் தெளிந்தது.

எஞ்சினை அசையாமல் வைப்பதற்கு ரப்பர் மவுண்ட்டை விட்டுவிட்டு, ஃபிரேமோடு இரும்பு மவுண்ட், இரண்டு ஹெட்டிலிருந்தும் முக்கால் அடிச் சங்கிலி. ஃபயர்வாலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெட்டி, ஓட்டுநர் பக்கம் தகடு வைத்து மூடினேன். எகிறினாலும் இடிக்க ஒன்றும் இல்லை. ஃபேனைக் கழற்றி எறிந்தாயிற்று, அது இருந்தால் முதல் அடியிலேயே ரேடியேட்டரை அறுத்துவிடும். பிளாக்கில் இருந்த பெட்ரோல் பம்பை எடுத்துவிட்டுத் தகடு போட்டு அடைத்து, பின்சீட் இடத்தில் சின்ன டேங்க், எலெக்ட்ரிக் பம்ப், கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பு ஸ்விட்ச். பாட்டரி பக்கத்து சீட்டின் தரையில். எக்ஸாஸ்ட்டைப் பானெட் வழியே நேராக மேலே விட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

கேஜ் ஒன்றுதான் பார்ப்பேன்: ஆயில் பிரஷர். தண்ணீர் சூடு காட்டும் கேஜ், தண்ணீர் இருக்கிற வரைதான் உண்மை பேசும். தண்ணீர் போனதும் சென்சார் நீராவியிலும் காற்றிலும் நின்றுகொண்டு எல்லாம் நலம் என்று முள்ளை இறக்கிக் காட்டும். முதல் வருடம் அதை நம்பி எஞ்சினை எரித்தவர்கள் இங்கே பாதிப் பேர்.

டெர்பி நாள். தகுதிச் சுற்றில் பெரும்பாலும் பின்னால் போயே மோதினேன், டிக்கியை அடித்து நொறுக்கலாம், எஞ்சினைக் காப்பாற்ற வேண்டும். நாலு பேரில் ஒருவனாக இறுதிச் சுற்றுக்குப் போனேன். அங்கே இரண்டாவது நிமிடத்திலேயே ஒரு ஃபோர்டு நேராக வந்து ரேடியேட்டரைத் தின்றுவிட்டது. வெள்ளைப் புகை, எதுவும் தெரியவில்லை. பிறகு புகை நின்றது, அதுதான் பயமாக இருந்தது, புகைய இனி தண்ணீரே இல்லை என்று அர்த்தம். பிரஷர் 45-இலிருந்து மெல்ல மெல்ல 20-க்கு இறங்கியது, எஞ்சின் டக்டக்கென்று அடித்துக்கொண்டே ஓடியது. எட்டு நிமிடம் இருக்கும். கடைசியில் முன்சக்கரத்தைத் திருப்புகிற டை ராட் கம்பி ஒடிந்து, ஒரு சக்கரம் கிழக்கே ஒன்று வடக்கே பார்த்து நின்றது. குச்சியை உடைக்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூன்றாம் இடம்.

போன ஞாயிறு திறந்து பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் கீறல்கூட இல்லை, மெயின் பேரிங்குகள் கொஞ்சம் செம்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கின்றன. 3-ஆவது சிலிண்டருக்கும் 5-ஆவதுக்கும் நடுவே கேஸ்கட் கருகி நூலாக நிற்கிறது, இந்த எஞ்சினில் அந்த இரண்டின் எக்ஸாஸ்ட் வால்வுகளும் அக்கம்பக்கம் என்பதால் சூடு அங்கேதான் தேங்கும். ஐந்தாவது பிஸ்டனின் மேல் ரிங்கை எடுத்துப் பார்த்தால் இரண்டு முனையும் கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. அப்படியென்றால் 24 தௌ முழுக்க மூடி முட்டத் தொடங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு நிமிடம் ஓடியிருந்தால் அவ்வளவுதான். பெரியவரிடம் காட்டினேன், வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு 28 வை என்றார். புது ரிங் செட் வெள்ளிக்கிழமை வருகிறது. டை ராடுக்கு இந்த முறை தடித்த பைப் போட வேண்டும்.