இரண்டு ஊசியும் ஏழு வோல்ற்றும்

பெப்ரவரி 10

ஹீற்றர் போட்டும் கராஜ் சூடேறவில்லை. கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கிறது, போட்டால் ஸ்குரூ பிடிபடாது. இப்போதே தொடங்காவிட்டால் ஏப்ரலில் மோட்டார் சைக்கிள் ஸ்காபரோவை விட்டு வெளிக்கிடாது.

வண்டி 1982 ஹொண்டா கோல்ட் விங், ஜி.எல். 1100. பக்கத்துக்கு இரண்டு சிலிண்டராய்ப் படுத்துக் கிடக்கும் 1085 சிசி எஞ்சின், செயினுக்குப் பதில் ஷாஃப்ற். போன ஒக்ரோபரில், சேமித்து வைக்க முதல் ஓடிய கடைசி ஓட்டத்தில், மீற்றர் பெட்டியில் பெற்றோல் அளவைக் காட்டும் ஊசியும் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசியும் ஒரே நேரத்தில் அடிக்கு இறங்கிவிட்டன. மற்ற எல்லாம் வேலை செய்கின்றன.

வேறு மோட்டார் சைக்கிள் என்றால் பெற்றோல் ஊசி போனதற்கு ஆரும் கவலைப்பட மாட்டார்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கலாம், ஆட்டிச் சத்தம் கேட்கலாம். இதில் பெற்றோல் தாங்கி சீற்றுக்கு அடியில். முன்னால் தாங்கி மாதிரித் தெரிவது வெறும் கூடு. ஊசியை நம்பித்தான் ஓட வேண்டும். சூட்டு ஊசியும் அப்படித்தான். தண்ணீரால் குளிரும் எஞ்சின், றேடியேற்றரில் ஒழுக்கு வந்தால் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

பெப்ரவரி 11

இங்கே ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். "மீற்றர் பெட்டியை முழுசா மாத்துங்கோ" என்றார். பழைய பெட்டி ஒன்றுக்கு இன்ரர்நெற்றில் 220 டொலர் கேட்கிறார்கள், தபால் செலவு வேறு. நாற்பது வருடம் தாண்டிய இன்னொரு பெட்டி. அதற்குள் இருப்பதும் அதே வயதுக்காரர்தானே.

இரவு யாழ்ப்பாணம் கொக்குவிலுக்கு, குஞ்சியப்பாவுக்கு, வட்ஸ்அப்பில் எடுத்தேன். றேடியோ திருத்தியே வாழ்ந்த மனிசன். மோட்டார் சைக்கிளின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"ரெண்டும் ஒண்டாய்ப் போனதோ, ஒண்டுக்குப் பிறகு ஒண்டோ?"

"ஒண்டாய், குஞ்சியப்பா."

"அப்ப ரெண்டிலயும் பிழை இல்லையடா. ரெண்டுக்கும் பொதுவா என்ன கிடக்கெண்டு பார். பாக்காமல் ஒரு சாமானும் வாங்காதை."

பெப்ரவரி 17

விண்ட்ஷீல்ட், முன் லைற், பிறகு மீற்றர் பெட்டி. பிளாஸ்ரிக் இந்தக் குளிரில் பிஸ்கற் மாதிரி. ஒவ்வொரு கிளிப்பையும் ஹெயார் டிரையரால் சூடாக்கித்தான் கழற்றினேன்.

இரண்டு ஊசிக்கும் பொதுவாக இருப்பவை இரண்டு. ஒன்று பச்சை வயர். ஹொண்டாவில் பச்சை என்றால் ஏர்த், அதில் பிழையில்லை. மற்றது கறுப்பு வயர் வழியாக வரும் கரண்ட். திறப்பைப் போட்டதும் மல்ரிமீற்றரில் 12.3 வோல்ற். ஆனால் அது நேராக ஊசிகளுக்குப் போவதில்லை, இடையில் தீப்பெட்டியிலும் சிறிய ஒரு கறுப்புக் கட்டி இருக்கிறது. உள்ளே 12.3 போகிறது, வெளியே 0.4 வருகிறது. வர வேண்டியது 7.

இதுதான் அந்தக் காலத்து ஹொண்டாக்களில் இருக்கும் 7 வோல்ற் றெகுலேற்றர். சார்ஜிங்குக்கு இருக்கும் பெரிய றெகுலேற்றரோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அது பற்றரியைப் பார்ப்பது, இது ஊசிகளை மட்டும் பார்ப்பது.

கட்டி செத்ததுதான் காரணமா, ஊசிகளும் சேர்ந்து செத்தனவா என்று உறுதிப்படுத்த ஒரு சின்ன வேலை. வீட்டு றிமோட்டுகளுக்குள் இருந்த, கொஞ்சம் களைத்த ஏ.ஏ. பற்றரி ஐந்தைத் தொடராகக் கட்டினால் 7.1 வோல்ற். வண்டியின் கரண்டை நிறுத்தி, கட்டியின் வெளி முனை வயரைக் கழற்றி, பற்றரியின் நேர் முனையை அந்த வயரிலும் மறை முனையைப் பச்சை வயரிலும் பிடித்தேன். பெற்றோல் ஊசி சோம்பலாக எழும்பி நிறைவுக்குக் கிட்டப் போய் நின்றது. சரிதான், ஒக்ரோபரில் தாங்கியை நிரப்பித்தான் வைத்திருந்தேன். எஞ்சின் குளிராக இருப்பதால் சூட்டு ஊசி எழும்பாது. அதன் சென்சர் வயரை ஒரு கணம் ஏர்த்தில் தொட்டேன், துள்ளியது.

220 டொலர் மிச்சம்.

பெப்ரவரி 18

12 வோல்ற் வண்டிக்கு ஏன் 7 என்று மகள் கேட்டாள். நல்ல கேள்விதான், சாப்பாட்டு மேசையில் பேனையும் கடதாசியும் எடுக்க வேண்டி வந்தது.

12 வோல்ற் வண்டியில் 12 என்று ஒன்று நிலையாக இருப்பதே இல்லை. நிற்கும்போது பற்றரியில் 12.6. லைற்றும் ஃபானும் ஓட, சிக்னலில் ஐட்லிங்கில் நின்றால் 12க்கும் கீழே போகும். நெடுஞ்சாலையில் 14.2. ஸ்ராட்டரை அமத்தும்போது 10. தாங்கிக்குள் மிதக்கும் மிதவை சென்சரின் தடையை மாற்றுகிறது, தடை மாற கரண்ட் மாறுகிறது, கரண்ட் மாற ஊசி நகர்கிறது. வோல்ற்றும் சேர்ந்து ஆடினால் ஊசி பெற்றோலைக் காட்டுகிறதா, எஞ்சின் வேகத்தைக் காட்டுகிறதா? அதனால் வண்டியில் சாதாரணமாக வரக்கூடிய ஆகக் குறைந்த வோல்ற்றுக்கும் கீழே ஓர் அளவைத் தெரிவு செய்து, அதை மட்டும் அசையாமல் கொடுக்கிறார்கள். மேலே இருப்பது எவ்வளவு ஆடினாலும் வெட்டி எடுப்பது 7.

பிரித்தானியக் கார்களிலும் இதே ஏற்பாடு இருந்தது. ஸ்மித்ஸ் மீற்றர்களுக்கு 10 வோல்ற். உள்ளே இருந்தது ஈருலோகத் தகடு, சூடாகி வளைந்து தொடுப்பை விடும், ஆறித் திரும்பத் தொடும். 12ஐ விட்டுவிட்டுக் கொடுத்துச் சராசரியில் 10 ஆக்குவது. ஊசிகள் மந்தமானவை என்பதால் அந்த வெட்டி வெட்டி வரும் கரண்ட் அவைக்குத் தெரியாது. எனக்கு ஹொண்டாவின் கட்டியைவிட அந்தத் தகட்டில்தான் மரியாதை.

குஞ்சியப்பாவுக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்த விசயமில்லை. 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை. பெற்றோலும் இல்லாமல் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்துச் செய்தி கேட்ட காலம். டைனமோவில் வருவது ஆடலோட்டம், அதுவும் மிதிக்கிற வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதை நேரோட்டமாக்கி ஒரே வோல்ற்றில் பிடிக்க நாலு டயோட், ஒரு கப்பாசிற்றர், பழைய பலகையிலிருந்து கழற்றிய ஒரு சீனர் டயோட். நாங்கள் பெடியள் முறை வைத்துக் கையால் பெடலைச் சுத்துவோம். லண்டன் செய்தி முடியும்வரை கை ஓயக் கூடாது.

பெப்ரவரி 24

என்ன வைத்துக் கட்டுவது என்று ஒரு கிழமையாக யோசனை.

முதலாவது வழி 7805 என்ற மூன்று கால் றெகுலேற்றர் சிப். சும்மா 5 வோல்ற் கொடுப்பது. அதன் ஏர்த் காலுக்குக் கீழே மூன்று 1என் 4007 டயோட்டைத் தொடராக வைத்தால், ஒவ்வொன்றும் 0.6 அளவில் தூக்கிவிட 7க்குக் கிட்ட வரும். பலர் இதைத்தான் செய்கிறார்கள். ஊரில் என்றால் நானும் செய்திருப்பேன். டயோட் ஒன்று, ஒரு பாகை சூட்டுக்கு 2 மில்லிவோல்ற் நகரும். ஒன்ராறியோவில் ஏப்ரல் காலைக்கும் ஓகஸ்ற் மத்தியானத்துக்கும் மீற்றர் பெட்டிக்குள் ஐம்பது பாகை வித்தியாசம் வரலாம். மூன்று டயோட்டுக்கு 0.3 வோல்ற். ஆட்டத்தை நிறுத்தத்தானே இதைக் கட்டுகிறோம்?

இரண்டாவது, வோல்ற்றைக் குறைத்துக் கொடுக்க ரெடிமேட்டாக வரும் எல்.எம். 2596 பலகை. மலிவு, சூடாகாது. ஆனால் அளவைத் திருப்பி வைக்கும் அந்தச் சின்ன ஸ்குரூ அதிர்வில் நகர்ந்தால்? நகர்ந்து 12ஐ அப்படியே விட்டால் இரண்டு ஊசியும் கருகிவிடும். ஏ.எம். றேடியோவுக்குள் இரைச்சலும் வரும். வேண்டாம்.

மூன்றாவது எல்.எம். 317, வேண்டிய வோல்ற்றை இரண்டு தடைகளால் வைக்கக்கூடிய மூன்று கால் றெகுலேற்றர். 1976இல் நஷனல் செமிகொண்டக்ரரில் பொப் டொப்கின் வடிவமைத்தது. இந்த மோட்டார் சைக்கிளைவிட வயதில் மூத்தது, இன்றும் செய்கிறார்கள், ஒரு டொலருக்கு வாங்கலாம். இதுதான்.

மார்ச் 2

கணக்கு சின்னது. 317 தன் வெளிக் காலுக்கும் சரிசெய் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ற்றைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இடத்தில் 240 ஓம், சரிசெய் காலிலிருந்து ஏர்த்துக்கு 1.1 கிலோ ஓம். 1100ஐ 240ஆல் பிரித்து, ஒன்றைக் கூட்டி, 1.25ஆல் பெருக்கினால் 6.98. சரிசெய் காலால் கசியும் 50 மைக்ரோ அம்பியருக்கு இன்னும் 0.05. மொத்தம் 7.03. ஒரு வீதத் துல்லியமுள்ள மெற்றல் ஃபிலிம் தடைகளே போட்டேன். திருப்பும் தடை ஒன்றும் இல்லை, நகர்வதற்கு ஒன்றும் இல்லை.

உள் வாசலில் தொடராக ஒரு 1என் 4007, ஆரும் பற்றரியை மாறிக் கொழுவினால் காப்பாற்ற. 317 தாங்குவது உள்ளுக்கும் வெளிக்கும் இடையில் 40 வோல்ற். வண்டியில் பற்றரி வயர் லூசானால் வரும் பாய்ச்சல் அதைத் தாண்டும், அதற்கு 24 வோல்ற் ரி.வி.எஸ். டயோட் ஒன்று. உள்ளே 0.1 மைக்ரோஃபரட், வெளியே 1 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர். வெளியே போடுவது தந்தாலம் வகை. சாதாரண எலெக்ரோலிற்றிக் கடுங்குளிரில் பலம் இழக்கும்.

இதைக் கட்டப் போகும் ஆக்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கோ. 7805இன் முதுகுத் தகடு ஏர்த், எந்த இரும்பிலும் நேராகப் பூட்டலாம். 317இன் முதுகுத் தகடு வெளிக் கால். சட்டத்தில் நேராகப் பூட்டினால் 7 வோல்ற் அப்படியே ஏர்த்துக்குப் போய்விடும். மைக்காத் தாளும் ஸ்குரூவுக்கு நைலோன் புஷ்ஷும் கட்டாயம். பூட்டிய பிறகு தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் தொடர்பு இல்லை என்று மீற்றரால் பாருங்கோ, பிறகு கரண்ட் கொடுங்கோ.

மார்ச் 3

மேசையில் சோதனை. உள்ளே 10 கொடுத்தால் 7.02. 12.6க்கு 7.02. 15க்கு 7.03. 9.4க்குக் கீழே இறக்கினால்தான் வெளியும் சேர்ந்து இறங்குகிறது. ஸ்ராட்டர் அமத்தும் ஒரு கணத்தில் அவ்வளவு இறங்கினாலும் ஊசி மயங்கிவிட்டு எழும்பும், அவ்வளவுதான்.

இரவு முழுக்க வெளிப்படியில் வைத்துவிட்டுக் காலையில் அளந்தேன்: 7.00. ஹெயார் டிரையரில் சுட்டுவிட்டு: 7.04.

இரண்டு ஊசியும் சேர்ந்து 120 மில்லி அம்பியர் அளவில் எடுக்கின்றன. 14.2இல் ஓடும்போது 317 எரிக்க வேண்டியது முக்கால் வாற்றுக்குச் சற்று மேல். அலுமினியத் துண்டு ஒன்றே போதும்.

மார்ச் 16

பூட்டியாயிற்று. பழைய கட்டி இருந்த துளையிலேயே அலுமினியத் துண்டு ஏறிவிட்டது. வயர்களை வெட்டவில்லை, பழைய கொழுவிக்குப் பொருந்தும் முனைகள் போட்டேன். பிறகு ஆரும் பழையபடி ஆக்க விரும்பினால் ஆக்கலாம். பலகைக்கு மேல் எபொக்சி. திறப்பைப் போட்டேன், பெற்றோல் ஊசி ஏறியது. மகள் படம் எடுத்தாள், எனக்குப் படம் வேண்டாம், அந்த 7.02தான் வேண்டும்.

ஏப்ரல் 20

போர்ட் பெரி வரை போய் வந்தேன். சூட்டு ஊசி மெல்ல ஏறி நடுவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. திரும்பும்போது மார்க்கம் றோட் நெரிசலில் இன்னும் ஏறி, ஃபான் ஓடத் தொடங்கியதும் இறங்கியது. வீட்டுக்குப் போகாமல் இன்னும் கொஞ்சம் ஓடி, பெற்றோல் ஊசி சரி பாதிக்கு வரவிட்டு நிரப்பினேன். இந்தத் தாங்கி 20 லீற்றர். 10.6 போனது.

சேர்க்கிற் படத்தைக் குஞ்சியப்பாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே எடுத்தார்.

"ஏனடா 1.1 கிலோ? கடையில ஒரு கிலோ ஓம் கிடைக்கேல்லையோ?"

"ஒரு கிலோ போட்டால் 6.5 தான் வரும், குஞ்சியப்பா. ஊசி பெற்றோலைக் குறைச்சுக் காட்டும்."

"காட்டட்டுமே. றோட்டில நிண்டு தள்ளமாட்டாய்."