முருகர் படத்துக்குப் பின்னாடி இருந்த நாலு நோட்டு

போன மாசம் எங்க வீட்டு முருகர் படத்தோட கண்ணாடி விரிசல் விட்டுருச்சு, சரி மாத்திருவோம்னு இங்க ரங்கூன்ல தெயின்ஜி சே மார்க்கெட் பக்கம் இருக்கிற ஃப்ரேம் கடைக்கு எடுத்துட்டுப் போனேன் (எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் அதை சூரத்தி பஜார்னுதான் சொல்லும்). கடைக்காரர் வயசான பர்மாக்காரர். ஆணியைப் பிடுங்கி பின் அட்டையை எடுத்தாரு பாருங்க, உள்ள இருந்து நாலா மடிச்ச காகிதம் நாலு கீழ விழுந்துச்சு. பிரிச்சா, எல்லாம் பழைய பர்மா காசு, 75 கியாட் நோட்டு.

யார் வேலைன்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு.

தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்க 75க்கு எல்லாம் நோட்டு இருக்குமான்னு கேப்பீங்க. இருந்துச்சுங்க. 1985 நவம்பர்ல 20, 50, 100 எல்லாம் செல்லாதுன்னுட்டு, அப்ப பர்மாவை ஆட்டி வெச்ச நே வின்னுக்கு 75 வயசு ஆனதை ஒட்டி இந்த நோட்டை விட்டாங்க. ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகல, 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 மூணும் செல்லாது, மாத்தியும் தர மாட்டோம், அவ்வளவுதான். அப்புறம் 45ம் 90ம் வந்துச்சு. ரெண்டும் ஒன்பதுல வகுபடும், அவருக்கு அது ராசி நம்பராம். ஒரு மனுசனோட ராசிக்கு ஒரு நாட்டு ஜனம் மொத்தமும் ஆடுச்சு.

எனக்கு அப்ப ஒன்பது வயசு. அத்தை கல்யாணத்துக்கு அப்பா சேத்து வெச்சிருந்த காசுல முக்காவாசி அந்த 75தான். அன்னிக்கு அவர் சாப்பிடல, யார்கிட்டயும் பேசல, மாடிப்படியில போய் உக்காந்துக்கிட்டாரு, மேல போறவங்க வர்றவங்க எல்லாம் அவரைத் தாண்டித் தாண்டிப் போனாங்க. அப்பத்தா என்ன பண்ணுச்சுன்னா, ரொம்ப நாளா முருகர் படத்துல கண்ணாடி கடகடன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு, பெட்டியில இருந்து நாலு நோட்டை எடுத்து மடிச்சு சட்டத்துக்குள்ள ஆப்பு மாதிரி சொருகிட்டு, "இப்பவாச்சும் ஒரு வேலைக்கு ஆச்சுடா" அப்படின்னு சொல்லி விளக்கை ஏத்திட்டு எங்களுக்கு சோறு போட உக்காந்துருச்சு.

அது மனசு வெறுத்துப் போய் செஞ்சதுன்னு ரொம்ப வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். வெறுப்பெல்லாம் இல்ல. காசு வேணாம்னு சொல்ற ஆளே கிடையாது அது, மீன் கடையில அஞ்சு கியாட்டுக்கு அரை மணி நேரம் பேரம் பேசும், நாங்க வெக்கப்பட்டு தள்ளி நிப்போம்! ஆனா அதுக்கு முன்னாடியே அது நெறைய பாத்துருச்சு. அதோட அப்பா ஒரு செட்டியார் கிட்டங்கியில, அதாவது வட்டிக்கு விடுற கடையில, அடுத்தாளா (உதவியாளரா) இருந்தவரு. அந்தக் காலத்துல முகல் தெரு செட்டியார் கோயில்ல மாசா மாசம் கூடி உக்காந்து நடப்பு வட்டி எவ்வளவுன்னு முடிவு பண்ணுவாங்க, முருகன் சன்னிதியிலதான். முப்பதுகள்ல நெல்லு விலை விழுந்து, கடன் கட்ட முடியாம, கீழ் பர்மா நெல் நிலத்துல கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்துச்சு. பாவம் நிலத்தை விட்டவனும், பாவம் வாங்குனவனும். 42ல ஜப்பான்காரன் வந்தப்ப எல்லாத்தையும் போட்டுட்டு நடந்தே போனவங்க எத்தனையோ பேரு, 48ல நிலமும் சர்க்காருக்கு போச்சு. 64ல கடைகளும் போச்சு, அதே வருஷம் 50, 100 நோட்டும் போச்சு. அப்பத்தாவோட கூடப்பிறந்தவங்க எல்லாம் கப்பல் ஏறிட்டாங்க, இது மட்டும் இங்கயே இருந்துருச்சு.

ராத்திரி கரண்ட் இல்லாதப்ப அப்பர் சாமி கதை சொல்லும். திருப்புகலூர்ல உழவாரப்படையால புல் செதுக்கிக்கிட்டு இருந்தப்ப, மண்ணுல பொன்னும் நவமணியும் கெடந்துச்சாம், அவர் அதையும் கல்லோட சேத்து வாரி குளத்துல எறிஞ்சுட்டு அடுத்த புல்லை செதுக்கப் போயிட்டாராம். நான் கேட்டேன், ஒண்ணே ஒண்ணாவது எடுத்து வேட்டியில முடிஞ்சுக்கக் கூடாதான்னு. "அவரு சாமி வேலையா இருந்தாருடா, பாக்க நேரம் ஏது" அப்படின்னுச்சு. எனக்கு அந்த பதில் இப்பதான் லேசா உறைக்குது. தூக்கிப் போட்டது பெரிய விஷயமே இல்ல, கை நெறைய அவருக்கு அதவிடப் பிடிச்ச வேலை இருந்துச்சு.

என் கதையையும் சொல்லிடுறேன். 2021ல ராணுவம் ஆட்சியைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டாலர் 1300 சொச்சம் கியாட், அப்புறம் வெளி மார்க்கெட்ல 4000ஐத் தாண்டிப் போச்சு. பயந்துபோய் எல்லாரையும் மாதிரி நானும் தங்கம் வாங்க ஆரம்பிச்சேன். இங்க டிக்கல் கணக்கு, ஒரு டிக்கல்னா ரெண்டு பவுனுக்கு கொஞ்சம் மேல. காலையில கண்ணு முழிச்ச உடனே போன்ல ரேட்தான். போன பங்குனி உத்திரத்துக்கு பால் அபிஷேகம் நடந்துக்கிட்டு இருக்கு, அரோகரான்னு கூட்டமே கத்துது, நான் தூணுக்குப் பின்னாடி நின்னு ரேட் பாத்துக்கிட்டு இருக்கேன். தலை நிமிர்ந்தா திரை போட்டாச்சு. ஏறுனா இன்னும் வாங்கலையேன்னு கவலை, இறங்குனா ஏன் வாங்குனோம்னு கவலை, இதுல நிம்மதியா இருந்த நாள்னு ஒண்ணை சொல்லச் சொன்னா எனக்குத் தெரியல.

இப்ப காலையில போனை தொடுறதுக்கு முன்னாடி விபூதி பூசிட்டு அப்பத்தா மாதிரி கொஞ்ச நேரம் படத்துக்கு முன்னாடி சும்மா உக்காருறேன். எதுவும் கேக்கிறதில்ல. சில நாள் மனசு அப்படியே அடங்கிருது, இது போதும் முருகான்னு தானா வருது. சில நாள் ரெண்டாவது நிமிஷமே கை போனுக்குப் போகுது, தங்கத்தையும் ஒண்ணும் விக்கல.

அந்தக் கடைக்காரர் நோட்டை எல்லாம் நீவி வெச்சுட்டு, டூரிஸ்ட் வாங்குவாங்க, நல்ல விலை போகும், வித்துத் தரவான்னாரு. பத்து செகண்ட் கணக்குப் போட்டேன், பொய் சொல்லல. அப்புறம், பழையபடி மடிச்சு உள்ளயே வெச்சுருங்கன்னேன். புது சட்டம் டைட்டா இருக்கு, ஆப்பே வேணாம்னு சிரிச்சாரு. பரவால்ல வைங்கன்னு சொல்லிட்டேன்.

படம் இப்ப ஹால்ல மாட்டியிருக்கு. பின் அட்டை புடைச்சுக்கிட்டு இருக்கு, செவுத்துல ஒட்டி நிக்க மாட்டேங்குது.