400 அடிக்குக் கீழே வானம் காலியில்லை

போன மாதம் ட்ரோனை ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், எங்கிருந்தோ ஹெலிகாப்டர் சத்தம். நன்றாகவே கேட்கிறது, ஆனால் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. பதற்றத்தில் விரல் நேராக ரிட்டர்ன் டு ஹோம் பொத்தானுக்கு, அதாவது ட்ரோனைக் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வரவைக்கும் பொத்தானுக்கு, போய்விட்டது. ட்ரோன் திரும்பி வருவதற்கு முன்னால், செட்டிங்கில் நானே எப்போதோ வைத்திருந்த 120 மீட்டருக்கு ஏற ஆரம்பித்தது! வழியில் மரத்திலோ கம்பத்திலோ இடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கீழே இறங்க வேண்டிய நேரத்தில் மேலே போகிறது. கான்சல் செய்து, ஸ்டிக்கைக் கீழே இழுத்து இறக்கினேன். ஹெலிகாப்டர் தள்ளித்தான் போனது, ஆனால் எனக்குக் கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 5 மீட்டர் இறங்கினாலும் 100 மீட்டருக்கு 20 நொடி. 120 நாட் வேகத்தில் (மணிக்கு சுமார் 220 கிலோமீட்டர்) வரும் ஹெலிகாப்டர் அந்த 20 நொடியில் 1,200 மீட்டர் கடந்துவிடும். சத்தம் கேட்டபின் யோசித்து இறக்கலாம் என்பதெல்லாம் சும்மா. அந்தத் தூரத்திலிருந்து பைலட் என் ட்ரோனைப் பார்த்து விலகுவார் என்று எதிர்பார்ப்பது அதைவிட அபத்தம்.

பல நாடுகளில் ட்ரோனுக்கு உச்ச வரம்பு 400 அடி, அதாவது 120 மீட்டர். ஆள் ஓட்டும் விமானங்களுக்குப் பொதுவாகக் குறைந்தபட்சம் 500 அடி, ஊர்களுக்கு மேலே 1,000. நடுவில் 100 அடி இடைவெளி, எல்லாம் சரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் மருந்து தெளிக்கும் விமானம் பயிரை உரசிக்கொண்டு பறக்கும், ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் சாலையிலேயே இறங்கும். இன்னொன்று, ட்ரோன் திரையில் தெரிவது அது கிளம்பிய இடத்திலிருந்து உள்ள உயரம். மலை உச்சியிலிருந்து கிளப்பிப் பள்ளத்தாக்குக்கு மேலே கொண்டுபோனால் திரை 100 மீட்டர் என்றே காட்டும், கீழே தரை 250 மீட்டர் தள்ளி இருக்கும். பைலட்டின் கருவியோ வழக்கமாகக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது.

2017 செப்டம்பரில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கு அருகே ஒரு பிளாக் ஹாக் ராணுவ ஹெலிகாப்டரும் ஒரு ஃபேன்டம் 4 ட்ரோனும் மோதியது சுமார் 300 அடி உயரத்தில்தான். ரோட்டர் இறக்கையில் ஒன்றரை அங்குலப் பள்ளம், ஆனாலும் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். ட்ரோனை ஓட்டியவர் இரண்டரை மைல் தள்ளி நின்றிருந்தார். விசாரணை அதிகாரிகள் தொடர்புகொண்ட பிறகுதான் மோதியதே அவருக்குத் தெரியும். ட்ரோன் கண்ணில் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்ற விதியை நாம் (நானும்தான்) எவ்வளவு சுலபமாக மீறுகிறோம்!

இப்போது சரக்கு கொண்டுபோகும் ட்ரோன்கள் கண்பார்வைக்கு அப்பால் பறக்கத் தொடங்கிவிட்டன. ஆள் இருக்கும் விமானத்துக்கு ட்ரோன்தான் எப்போதும் வழிவிட வேண்டும் என்பது இதுவரை இருந்த ஏற்பாடு. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட விதிமுறை வரைவு அதைக் கொஞ்சம் புரட்டிப் போடுகிறது: விமான நிலையச் சுற்றுப்புறம் போன்ற இடங்களைத் தவிர, தன் இருப்பிடத்தை ஏ.டி.எஸ்-பி கருவி மூலம் அறிவிக்காத விமானத்துக்கு ட்ரோன் வழிவிட வேண்டியதில்லை. கருவி மாட்டுங்கள் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது, அது இருந்தால் ட்ரோன் தானாகவே விலகிவிடும். ஆனால் பாராகிளைடரில் தொங்குகிறவரும் பழைய விமானத்தில் வருகிறவரும் கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டுமென்றால், எதைப் பார்ப்பது? உள்ளே உயிர் இல்லாத வண்டிதான் ஒதுங்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது, ட்ரோன் வைத்திருக்கிறவனாக இருந்தும்.

அப்புறம், ரிட்டர்ன் உயரத்தை இப்போது ஒவ்வொரு இடத்திலும் மரங்களைப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன். போன வாரம் 40 மீட்டர் போதுமானதாக இருந்தது.