பேட்ச் நம்பர் இல்லாத டப்பா

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மெடிக்கல் ஷாப் வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில், மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக நிற்கிற பையனைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். போன வாரம் அப்படித்தான் ஒரு தம்பி, இருபது வயசு இருக்கும், பையிலிருந்து ஒரு ஆண்மை மருந்து டப்பாவை எடுத்து வைத்து, "அண்ணா, இதைச் சாப்பிடலாமா?" என்றான். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் பார்த்து ஆர்டர் பண்ணியதாம். 4,500 ரூபாய், கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குதிரைப் படம், 'மூலிகை' என்று பெரிய எழுத்து, அவ்வளவுதான். பேட்ச் நம்பர் இல்லை, தயாரிப்பு உரிம எண் இல்லை, காலாவதி தேதி இல்லை. சித்த மருந்தென்றாலும் இதெல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். ரீல்ஸையும் காட்டினான். வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப், கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வரும், கல்யாண வாழ்க்கையே போய்விடும் என்று ஒரே மிரட்டல். பேசுகிறவரின் பெயரோ பதிவு எண்ணோ எங்கேயும் இல்லை.

நான் படிக்கிற காலத்தில் பஸ் ஸ்டாண்டு கழிவறைச் சுவரில் இதே வாசகம்தான் நோட்டீஸாக ஒட்டியிருக்கும், கீழே லாட்ஜ் பெயரும் ரூம் நம்பரும். ஆண்மையைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். சுவரிலிருந்து போனுக்கு வந்துவிட்டது, வேறென்ன.

சுயஇன்பத்தால் நரம்பு தளராது. விந்து போவதால் உடம்பு உருகாது. அந்தப் பயம்தான் ஆளை உருக்குகிறது, தூக்கம் கெடும், களைப்பு வரும், அந்தக் களைப்பைப் பார்த்து மறுபடி பயம் வரும். மனநல மருத்துவர் என்.என். விக் 1960-லேயே இதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார். இன்னொன்று, மூலிகை என்று விற்கிற சிலவற்றில் சில்டெனாஃபில், அதாவது வயாகராவில் இருக்கிற அதே மருந்து, கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் அதைச் சாப்பிட்டால் பிரஷர் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து.

ரீல்ஸே பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல டாக்டர்களும் பேசுகிறார்கள். பெயர், படிப்பு எல்லாம் போட்டு, நேரில் காட்டுங்கள் என்பார்கள், பயமுறுத்தாததாலோ என்னவோ அதைப் பார்க்கிறவர்கள் குறைவு. பேசி முடித்ததும் எதையாவது விற்கிறாரா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தம்பியிடம் 104 மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் பண்ணு, காசு கட்ட வேண்டாம், இல்லையென்றால் ஜிஎச்சில் பால்வினை நோய்ப் பிரிவில் போய்க் கேள் என்றேன். "யாராவது பார்த்துட்டா?" என்றான். தோல் டாக்டரைப் பார்க்க வந்தேன் என்று சொல், இரண்டும் ஒரே துறைதான் என்றேன். டப்பாவை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்து டாக்டர் பெயரைக் கேட்டேன். "எத்தனை மாச கோர்ஸ் வேணும் சார்?" என்றார்கள். மறுபடியும் பெயரைக் கேட்டேன். வைத்துவிட்டார்கள்.