மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை

அமெரிக்கா, சீனா பற்றி எழுதுகிறவர்கள் ஏவுகணை எத்தனை, போர்க்கப்பல் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். நான் சில வருஷமாக எண்ணிக்கொண்டிருப்பது எடுக்கப்படாத ஃபோன்களை.

2023 பிப்ரவரி 4. அமெரிக்காவின் குறுக்காக நாட்கணக்கில் மிதந்துபோன சீன பலூன், தென் கரோலினா கரையைத் தாண்டியதும் சுட்டு வீழ்த்தப்பட்டது ஞாபகம் இருக்கும். வீழ்த்திய கையோடு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாய்டு ஆஸ்டின், சீன அமைச்சர் வெய் ஃபெங்ஹேயிடம் பேச வேண்டும் என்று கேட்டார். முடியாது என்றுவிட்டது பெய்ஜிங். சரி, கோபம், ஆறட்டும் என்று விடலாம். ஆனால் ஜூன் 2ஆம் தேதி சிங்கப்பூரில் ஷாங்ரி-லா பாதுகாப்பு மாநாட்டு விருந்தில் ஆஸ்டின் எழுந்துபோய்ப் புது அமைச்சர் லி ஷாங்ஃபூவுக்குக் கை கொடுக்கிறார், அவரும் கொடுக்கிறார், அத்தோடு முடிந்தது. தனியாக உட்கார்ந்து பேச மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டால், ரஷ்ய ஆயுதம் வாங்கியதற்காக 2018இல் லி மேல் அமெரிக்கா போட்ட தடை இன்னும் நீங்கவில்லையாம். தடையையும் வைத்துக்கொண்டு வா பேசலாம் என்றால் எப்படி என்று அவர்கள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மறுநாளே தைவான் நீரிணையில் சங்-ஹூன் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலின் மூக்குக்கு நேராக ஒரு சீனப் போர்க்கப்பல் குறுக்கே புகுந்தது. இடைவெளி சுமார் 140 மீட்டர். கேட்க ஏதோ தூரம் மாதிரி இருக்கும். கப்பலுக்கு பிரேக் கிடையாது, என்ஜினைத் திருப்பிப் போட்டாலும் அது நினைத்த இடத்தில் நிற்காது. அமெரிக்கக் கப்பல் வேகத்தைக் குறைத்ததால் தப்பித்தார்கள். இடித்திருந்தால் யார் யாரைக் கூப்பிடுவது? முந்தைய நாள் ராத்திரி கை குலுக்கிய இருவரும் ஒரே ஊரில்தான் இருந்தார்கள்.

இணைப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். கடல் சந்திப்புகளில் விபத்து நேராமல் பார்த்துக்கொள்ள 1998இலேயே இரண்டு ராணுவங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், 2008இல் பாதுகாப்பு அமைச்சகங்களுக்கு இடையே நேரடித் தொலைபேசியும் வந்தது. பிரச்சினை, அந்த ஃபோனை இரண்டு பேரும் வேறு வேறு பொருளாகப் பார்க்கிறார்கள். அமெரிக்காவுக்கு அது சீட் பெல்ட். சீனத் தரப்பு வாதம் வேறு: எங்கள் வாசலில் வந்து வேகமாக ஓட்டுகிறவனுக்கு சீட் பெல்ட் எதற்கு, பயம் இருந்தால்தானே மெதுவாகப் போவான்? அதனால் ஃபோனை எடுப்பது அவர்களுக்கு ஒரு சலுகை, எடுக்காமல் இருப்பது தண்டனை. 2022 ஆகஸ்டில் அப்போதைய அமெரிக்கக் கீழவை சபாநாயகர் நான்சி பெலோசி, சீனா தன்னுடையது என்று சொல்லும் தைவானின் தலைநகர் தைபே போய் வந்த இரண்டே நாளில் ராணுவப் பேச்சுவார்த்தைகளைத்தான் முதலில் வெட்டினார்கள். (அவர் அப்போது போயே ஆக வேண்டுமா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை தேவையில்லாத வேலை. தைவானுக்கு அதனால் கிடைத்தது தீவைச் சுற்றிலும் குண்டு மழையோடு ஒரு போர் ஒத்திகை.)

இன்னொன்றும் உண்டு. சீனாவில் ராணுவம் மத்திய ராணுவ ஆணையத்தின் கையில், அதாவது கட்சியின் கையில். பாதுகாப்பு அமைச்சர் என்பவர் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டும் முகம். மணி அடித்ததும் எடுத்தாலும், மேலே கேட்காமல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அப்படியிருக்க எடுக்காமல் இருப்பதே அவருக்குப் பத்திரம்.

இதற்கு 2001 ஏப்ரல் 1 ஒரு நல்ல பாடம். ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் இறந்தார், அடிபட்ட அமெரிக்க விமானம் தட்டுத்தடுமாறி சீனத் தளத்திலேயே போய் இறங்கியது, உள்ளே 24 பேர். பெய்ஜிங்கில் அப்போது அமெரிக்கத் தூதர் ஜோசஃப் ப்ரூயர், பசிபிக் படைகளுக்கே தலைமை தாங்கி ஓய்வுபெற்ற அட்மிரல், சீன ஜெனரல்களை நேரில் பழகி அறிந்தவர். அவர் கூப்பிட்டும் பல மணி நேரம் யாரும் எடுக்கவில்லை! கடைசியில் 11 நாள் கழித்து ஒரு கடிதத்தில் முடிந்தது. ‘மிகவும் வருந்துகிறோம்’ என்று அமெரிக்கா எழுத, சீனா அதைத் தன் மக்களிடம் மன்னிப்பு என்று மொழிபெயர்த்துக் காட்ட, இரண்டு பேருக்கும் மானம் தப்பித்தது. இன்று அந்த மாதிரி ஒரு வார்த்தையைத் தேட 11 நாள் அவகாசம் கிடைக்குமா? எல்லார் கையிலும் வீடியோ இருக்கும், மோதிய அரை மணியில் இரண்டு நாட்டிலும் ரத்தம் கொதிக்க ஆரம்பித்துவிடும்.

2023 நவம்பரில் கலிஃபோர்னியாவில் பைடனும் ஷி ஜின்பிங்கும் சந்தித்து ராணுவத் தொடர்பை மறுபடி திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் கோபம் வந்தால் பிடுங்கிவிடலாம் என்று இருக்கும் ஒயரை நம்பி எவ்வளவு தூரம் போக முடியும்?

இதில் மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி வாங்குவது பிலிப்பைன்ஸ். தென் சீனக் கடலில் சீனாவும் அவர்களும் உரிமை கொண்டாடும் செகண்ட் தாமஸ் ஷோல் என்ற பவளத்திட்டில், 1999இல் சியரா மாட்ரே என்ற பழைய கப்பலை வேண்டுமென்றே தரைதட்ட வைத்து, துருப்பிடித்து ஓட்டை விழுந்த அந்தக் கூட்டிலேயே சில வீரர்களைக் குடிவைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா கட்டிய கப்பல் அது என்பது தனி வேடிக்கை. 2023 ஆகஸ்ட் 5 அன்று அவர்களுக்குச் சாமான் கொண்டுபோன படகின் மேல் சீனக் கடலோரக் காவல்படை தண்ணீர் பீரங்கி அடித்தது. அந்த வருஷம் ஜனவரியில்தான் மணிலாவும் பெய்ஜிங்கும் இதற்கென்றே ஒரு ஹாட்லைனுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தன. மணிலா அதில் மணிக்கணக்காகக் கூப்பிட்டுப் பார்த்தது. எடுக்கவில்லை.

மணிலாவுக்கும் வாஷிங்டனுக்கும் 1951இலிருந்து பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. தண்ணீர் அடித்தால் அது அமலுக்கு வராது, ஆள் செத்தால் வரலாம். வேண்டுமென்றே ஒரு பிலிப்பைன்ஸ்காரரைக் கொன்றால் அது போருக்கு மிகவும் நெருக்கமான செயல் என்று அதிபர் மார்கோஸ் 2024 மே 31இல் சிங்கப்பூரில் சொன்னார். மூன்று வாரம் ஆவதற்குள், ஜூன் 17இல், அதே பவளத்திட்டில் சீனக் காவல்படையினர் கோடாரியும் கத்தியுமாக ரப்பர் படகுகளைக் கிழித்தார்கள், ஒரு மாலுமிக்குக் கட்டைவிரல் போனது. கட்டைவிரல்தான். அடுத்த மாதமே இரண்டு பேரும் இன்னொரு ஹாட்லைன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

2025 ஆகஸ்ட் 11, அதே தென் சீனக் கடலில் ஸ்கார்பரோ பவளத்திட்டு. பிலிப்பைன்ஸ் காவல்படைக் கப்பலைத் துரத்திய சீனக் கடற்படைக் கப்பலும் சீனக் காவல்படைக் கப்பலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. காவல்படைக் கப்பலின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். துரத்தப்பட்ட பிலிப்பைன்ஸ் கப்பல் ரேடியோவில் கூப்பிட்டு, தண்ணீரில் யாராவது விழுந்திருக்கிறார்களா, மருத்துவ உதவி வேண்டுமா என்று கேட்டது. சீனக் கப்பலிலிருந்து பதில் வரவில்லை.