தாயின் சீரத்திலும் பாலிலும் ரோட்டா வைரஸ் எதிர்ப்பொருள்: ஆய்வேடு எழுதவிருக்கும் இளையோருக்கு

குமரி மாவட்டத்தில் நுண்ணுயிரியல் முதுநிலை படித்தபோது, குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தாயின் சீரத்திலும் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) தாய்ப்பாலிலும் அளவிடுவதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். இதே துறையில் தலைப்புத் தேடுவோருக்கு முதலில் சொல்ல விரும்புவது, பாலை இரத்தத்துக்குத் துணை மாதிரியாக எண்ண வேண்டாம் என்பதே. சீரத்தில் மேலோங்கி நிற்பது ஐஜிஜி (IgG) என்னும் எதிர்ப்பொருள் வகை. அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சில மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. பாலில் மேலோங்கி நிற்பது சுரப்பு ஐஜிஏ (IgA) என்னும் வேறொரு வகை. அது குழந்தையின் இரத்தத்தில் சேராமல் குடலிலேயே வேலை செய்கிறது. ஆகவே ஒன்றின் அளவைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்க முடியாது.

மாதிரி சேகரிப்பில் இரத்தம் எளிது. பாலுக்குத்தான் பொறுமை வேண்டும். குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடத் தயாராக இருந்தும், அவருடைய மாமியார், “மக்ளே, பிள்ளைக்குள்ள பாலைக் குப்பியில எடுத்தா சுரப்பு நின்னுபோவாதா?” என்று கேட்டார். பிள்ளை குடித்து முடித்த பிறகு ஒரு சிறு கரண்டி அளவு போதும் என்றும், எடுக்க எடுக்கப் பால் ஊறுமே தவிர வற்றாது என்றும் விளக்கிய பிறகே அவர் மனம் இசைந்தார். வீட்டுப் பெரியவர்களின் சம்மதத்தைப் படிவம் கேட்பதில்லை. ஆனாலும் அதைப் பெறுவது நம் கடமை என்றே நான் கருதுகிறேன். மகப்பேற்றுக்குப் பின் எத்தனையாவது நாள் பால் எடுக்கப்பட்டது என்பதைக் குப்பியின் மீதே எழுதிவிடுங்கள். சீம்பாலில் மிகுந்திருக்கும் ஐஜிஏ அடுத்த சில நாட்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடுவதால், நாள் குறிக்காத மாதிரி ஒப்பீட்டுக்கு உதவாது. ரோட்டா தடுப்புச் சொட்டு மருந்தின் விளைவோடு சேர்த்து ஆராய்வதாக இருந்தால், முதல் தவணை தரும் ஆறாவது வாரத்தில் எடுத்த பாலே பொருத்தமானது.

ஆய்வகத்தில் பாலைக் குளிர்நிலையில் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால், மேலே வெண்ணிறக் கொழுப்புப் படலமும் அடியில் செல்களும் ஒதுங்கிவிடும். பிப்பெட்டின் நுனியைப் படலத்தின் ஓரமாக இறக்கி, நடுவிலுள்ள தெளிநீரை மட்டும் உறிஞ்ச வேண்டும். கொழுப்புச் சிறிது கலந்தாலும், எலைசா (எதிர்ப்பொருளை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை) தட்டில் ஒரே மாதிரியின் இரு குழிகள் இரு வேறு அளவு காட்டக்கூடும். பின்னர் அதைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்தால், திரும்பத் திரும்ப உருக்க நேராது. மாதிரி கெடாதிருக்கச் சோடியம் அசைடு சேர்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எலைசாவில் நிறத்தை உண்டாக்கும் பெராக்சிடேஸ் நொதியை அது முடக்கிவிடும் என்பதால் எலைசாவுக்கு வைத்திருக்கும் மாதிரியில் அதைத் தவிருங்கள். ஒவ்வொரு மாதிரியையும் வைரஸ் பூசிய குழியிலும், வைரஸ் தொற்றாத செல்களின் சாறு பூசிய குழியிலும் சேர்த்தே ஓட்டி, முன்னதன் அளவிலிருந்து பின்னதைக் கழித்தால்தான் கிடைக்கும் எண்ணை நம்பலாம். பாலில் மொத்த ஐஜிஏ அளவையும் தனியே கணக்கிட்டு, ரோட்டாவுக்கு உரியதை அதன் விகிதமாகவும் தாருங்கள். தாய்க்குத் தாய், வேளைக்கு வேளை பாலின் செறிவு மாறுவதை அது ஓரளவு ஈடுசெய்யும்.

வாய்மொழித் தேர்வுக்கு வரலாறு சிறிது போதும்: 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் இவ்வைரஸைக் குழந்தைகளின் குடல் திசுவில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே கண்டது, இந்தியாவில் 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது, 6, 10, 14ஆம் வாரத் தவணைகள். தேர்வாளர்கள் துருவுவது வேறிடத்தில். தடுப்பு மருந்தின் விளைவை ஐஜிஏ கொண்டு ஏன் அளக்கிறோம் என்ற கேள்வியை எதிர்பாருங்கள். ஐஜிஏ நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. எனவே குழந்தையின் சீரத்தில் மில்லிலிட்டருக்கு 20 யூனிட்டுக்குக் கீழிருந்த ஐஜிஏ அந்த எல்லையைத் தாண்டினால், அது குழந்தை தானே உண்டாக்கியது.

அடுத்த கேள்வி பெரும்பாலும் தாய்ப்பால் இச்சொட்டு மருந்தின் விளைவைத் தடுக்கிறதா என்பதாக இருக்கும். அமெரிக்கத் தாய்மாரின் பாலைவிட இந்தியத் தாய்மாரின் பாலில் ரோட்டா எதிர்ப்பொருளும் வைரஸை முடக்கும் திறனும் மிகுதி என்று ஆய்வகச் சோதனையில் கண்டது உண்மை. ஆனால் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சொட்டு மருந்து தரும் வேளையில் சிறிது நேரம் பாலூட்டாமல் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில் குழந்தைகளின் ஐஜிஏ கூடவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். முதல் பாதியோடு நிறுத்திய ஆய்வேடு ஒரு கிராமச் செவிலியரின் கைக்குப் போனால், தடுப்பூசி நாளில் அவர் தாய்மாரிடம் பாலூட்ட வேண்டாம் என்று சொல்லக்கூடும்.