ஆரம்பநிலை பிரெஞ்சு: மதிப்பெண் பறிபோகும் இடங்கள்

பெயர்தான் ஆரம்பநிலை. வகுப்பில் போய் உட்கார்ந்தால், பள்ளியிலேயே பிரெஞ்சு படித்துவிட்டுச் சுலபமாக மதிப்பெண் அள்ள வந்த கூட்டம் முன்வரிசையில் இருக்கும். ஆசிரியரும் அவர்கள் வேகத்துக்கே ஓடுவார். நிலையறியும் தேர்வு வைத்து ஆள் பிரிக்கும் பிரிவு இருந்தால் அதில் சேருங்கள். பிரிவு மாற்றும் கடைசித் தேதி போய்விட்டால் துறை அலுவலகம் பதிவாளரைக் கைகாட்டும், பதிவாளர் அலுவலகம் துறையைக் கைகாட்டும். அலைச்சல்தான் மிச்சம்.

பழைய பாடநூல் வாங்குகிறவர்கள் கவனிக்க: இணையப் பயிற்சிக்கான குறியீடு பெரும்பாலும் ஒருமுறைதான் செல்லும். வீட்டுப்பாடம் முழுக்க அந்தத் தளத்தில் என்றால் மலிவாக வாங்கிய நூலால் பயனில்லை. குறியீடு தனியாக விற்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

வணக்கம், பெயர், குடும்பம் எல்லாம் தானாக வந்துவிடும். அடி விழுவது காதில். 'பார்லே' (பேசு) போன்ற வினைக்கு நிகழ்காலத்தில் ஆறு வடிவம். அதில் நான், நீ, அவன், அவர்கள் நான்குக்கும் ஒலி ஒன்றே: 'பார்ல்'. எழுத்திலோ மூன்று விதம். சொல்வதை எழுதும் தேர்வில் வினையைக் கேட்டு எழுதினால் தோல்விதான். எழுவாயைப் பிடித்து எழுத வேண்டும். 'அவன்', 'அவர்கள்' இரண்டுமே 'இல்' என்று கேட்பதால் அதுவும் சில நேரம் கைவிடும். வினை உயிரொலியில் தொடங்கினால் மட்டும் தப்பிக்கலாம்: பன்மையில் இடையே ஓர் 'இசட்' ஒலி கேட்கும். அதற்காகவே காத்திருங்கள்.

எண்கள் இன்னும் மோசம். 70 என்பது அறுபதும் பத்தும், 80 என்பது நான்கு இருபது, 90 என்பது நான்கு இருபதும் பத்தும். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 'சுவாசாந்த்' (60) காதில் விழுந்ததும் 6 என்று எழுதிவிட்டால், பின்னாலேயே 'தூஸ்' (12) வந்து அது 72 ஆகிவிடும். அடுத்த சொல் வரும்வரை பேனாவைத் தாளில் வைக்காதீர்கள். 'காத்ர வேன்' (80) கேட்டாலும் இதே கதை. 80 முதல் 99 வரை எதுவும் ஆகலாம்.

பெயர்ச்சொல்லை அதன் முன்னால் வரும் 'ல' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) சேர்த்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அரைகுறை யோசனை. உயிரொலிக்கு முன் இரண்டுமே வெறும் 'ல்' ஆகிப் பாலை மறைத்துவிடும். 'ஒரு' என்று பொருள்படும் 'அன்' (ஆண்பால்), 'யூன்' (பெண்பால்) சேர்த்தே எழுதிவையுங்கள். 'நாசியோன்' போல முடிபவை பெரும்பாலும் பெண்பால், 'அப்பார்த்மான்' போல முடிபவை பெரும்பாலும் ஆண்பால். இவ்வளவே முதல் பருவத்தில் நிறையக் காப்பாற்றும்.

இணையத் தேர்வில் எழுத்தின் மேல் கோடு விடுபட்டாலும் தானியங்கித் திருத்தம் தவறு போடக்கூடும். விண்டோஸில் யுஎஸ் இன்டர்நேஷனல் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டி 'இ' தட்டினால் வலப்பக்கம் சாய்ந்த கோடு விழும். 'சி' தட்டினால் அடியில் வால் விழும்.

பருவம் முடிந்து தெல்ஃப் ஏ1 (பிரெஞ்சு மொழித்திறன் சான்றிதழுக்கான தொடக்கநிலைத் தேர்வு) எழுத நினைப்பவர்களுக்கு: நான்கு பகுதி, தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. இலக்கணப் புலிகள் கேட்டல் பகுதியில் சறுக்குவது இங்கேதான். ஒலிப்பதிவை இரண்டு முறை போடுவார்கள். முதல் முறை விலை, நேரம், எண்களை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதை இரண்டாவதுக்கு விடுங்கள்.